மாப்பிள்ளைக்கும் நிச்சய மோதிரம் வேண்டுமா?

குடும்பப் பாடம்



தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாள் கழிந்ததும் நம் பங்குகளில் கலியாண ஓலைகள் வாசிக்கப்படத் தொடங்குகின்றன. ஓலைக்கு முன்னே நிச்சயதாம்பூலம் நடக்கிறது. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, புடவை வைத்த தட்டுகள் மாறுகின்றன. அவற்றோடு இப்பொழுது மோதிரமும் மாறுகிறது. பிள்ளை பெண்ணுக்கு மோதிரம் போடுகிறான். பெண்ணும் பிள்ளைக்கு மோதிரம் போடுகிறாள்.

இதைப் பார்க்கும் பெரியவர்களில் சிலர், "எங்கள் நாளில் ஆண்பிள்ளை யார் நிச்சயத்துக்கு மோதிரம் போட்டுக்கொண்டான்? தாலி கட்டினோம், அதோடு சரி" என்கிறார்கள். வாலிபரில் சிலர், "அவளுக்கு மட்டும் அடையாளம், எனக்கு இல்லையா?" என்கிறார்கள். இன்னும் சிலரோ, "எத்தனை பவுன்?" என்று மட்டுமே கேட்கிறார்கள். அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் பகுதிகளில் பல ஜில்லாக்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் ஒரே கோயிலில் பூசை காண்கின்றன. ஒரு வீட்டாருக்குப் பழகிப்போன வழக்கம் மறு வீட்டாருக்குப் புதிதாயிருக்கிறது. இதனால் சம்பந்தம் பேசும் இடத்தில் மனத்தாங்கலும் வந்துவிடுகிறது.

ஆகையால், ஆண்மகன் நிச்சய மோதிரம் அணிவது தகுமா, தகாதா, தகும் என்றால் எந்த விதமாகத் தகும் என்பதை இந்த வாரம் ஆராய்வோம்.

1. வேதாகமம் மோதிரத்தைப் பற்றி என்ன சொல்லுகிறது?

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பது நம் பழமொழி. இங்கே மோதிரக் கை என்பது தகுதியால் உயர்ந்த பெரியவரின் கை. இராமன் அனுமன் வசம் கொடுத்தனுப்பிய கணையாழியும் ஆண்மகனின் மோதிரமே. அதைக் கண்டதும் சீதை தன் கணவனிடமிருந்து வந்த தூதன் இவன் என்று நம்பினாள். ஆதலால் மோதிரம் பெண்களுக்கே உரியது என்பது நம் முன்னோரின் எண்ணமன்று.

வேதாகமத்திலும் இப்படியே காண்கிறோம். பார்வோன் அரசன் தன் மோதிரத்தைக் கழற்றிச் சூசையின் கையில் போட்டான். அன்று முதல் சூசையின் சொல் எகிப்து முழுவதும் அரசனின் சொல்லாயிற்று. ஆண்டவர் சொன்ன உவமையில், ஊதாரியாய்த் திரிந்து வீடு திரும்பிய மகனுக்குத் தகப்பன் முதல் உடுப்பையும், மோதிரத்தையும், பாதரட்சைகளையும் கொடுக்கச் சொல்லுகிறார். 'நீ கூலியாள் அல்ல, என் மகன். உன்னை நம்புகிறேன்' என்பதே அந்த மோதிரத்தின் பொருள். அக்காலத்தில் மோதிரம் முத்திரையாகவும் பயன்பட்டது. மோதிரம் பதிந்த ஓலை, மோதிரத்துக்கு உரியவனுடைய வாக்கு. கொடுத்த வாக்கை மறுக்க முடியாதபடி நிறுத்துவது மோதிரம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்துக்கெல்லாம் அதுவே அடிப்படை.

ஆனால் நிச்சய மோதிரம் என்று ஒன்று வேதாகமத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. தோபியாஸ் சாராளை மணந்தபோது, அவளுடைய தகப்பனாகிய இராகுவேல் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். ஒப்பந்தப் பத்திரம் எழுதினார்கள். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். மோதிரம் இல்லை. தேவமாதா அர்ச். சூசையப்பருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார்கள் என்று சுவிசேஷம் கூறுகிறது. அங்கும் மோதிரம் சொல்லப்படவில்லை. இத்தாலி நாட்டில் பெருஜியா நகரத்துப் பேராலயத்தில் தேவமாதாவின் திருமண மோதிரம் என்று ஒன்றைப் பக்தியோடு பாதுகாத்து வருகிறார்கள். இரஃபாயேல் 1504-ல் வரைந்த பேர்பெற்ற படத்திலும் சூசையப்பர் கன்னி மாமரிக்கு மோதிரம் அணிவிக்கிறார். இவை பக்தர்களின் அன்பைக் காட்டுகின்றனவேயன்றி விசுவாசப் போதனைகள் அல்ல. ஆகையால் மோதிரத்தைப் போடு என்றோ, போடாதே என்றோ வேதாகமம் நமக்குக் கட்டளையிடவில்லை.

2. திருச்சபையில் வழக்கம் எப்படி வளர்ந்தது?

நிச்சய மோதிரம் உரோமையரின் வழக்கம். பிளினி என்னும் ஆசிரியர் முதல் நூற்றாண்டில் எழுதும்போது, நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு அனுப்பும் மோதிரம் கல் பதியாத வெறும் இரும்பு மோதிரம் என்று குறித்து வைத்தார். அதை அனுப்பியவன் ஆண், அணிந்தவள் பெண். நாம் வீடு வாங்கவோ மாடு வாங்கவோ பேசி முடித்து அச்சாரம் கொடுப்பதைப் போன்றது அது. அச்சாரம் வாங்கியவர் கட்டுப்பட்டவர் என்பது உலக வழக்கு.

கிறிஸ்தவர்கள் இந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை. அதன் பொருளை உயர்த்தினார்கள். ஏழாம் நூற்றாண்டில் அர்ச். இசிதோர், மணமகன் மணமகளுக்கு மோதிரம் தருவது ஒருவருக்கொருவர் காட்டும் பிரமாணிக்கத்தின் அடையாளம் என்று விளக்கினார். 866-ம் ஆண்டில் பல்கேரிய மக்கள் புதிதாய் மனந்திரும்பி, கலியாணச் சடங்குகளைப் பற்றி உரோமைக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். பாப்பரசர் முதலாம் நிக்கொலாஸ் பதில் எழுதினார். நிச்சயத்தில் மணமகன் மணமகளுக்குப் பிரமாணிக்கத்தின் அடையாளமாக மோதிரம் போடும் வழக்கத்தை அதில் விவரித்தார். அதோடு நிற்காமல், இச்சடங்குகளைச் செய்ய வசதியற்ற ஏழைகள் அவற்றை விட்டுவிட்டாலும் பாவமில்லை, இருவரின் சம்மதமே விவாகத்துக்குப் போதும் என்றும் சொன்னார். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு மேற்பட்ட இந்தப் பதிலை, மோதிரத்துக்காகக் கடன் வாங்க நினைக்கும் ஒவ்வொரு தகப்பனும் அறிந்திருப்பது நல்லது.

1614-ல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூலிலும் குருவானவர் மந்திரித்தது ஒரே மோதிரம். அதை அணியும் மணமகள் தன் கணவனுக்கு முழுப் பிரமாணிக்கமாயிருக்க வேண்டும் என்றே அங்கே செபிக்கப்பட்டது. சில தேசங்களில் உள்ளூர்ச் சடங்கு முறைப்படி இருவருக்கும் மோதிரம் இருந்ததுண்டு. ஆனால் பொதுவான நூலில் மோதிரம் மணமகளுக்கு மட்டுமே.

அப்படியானால் கணவன் பிரமாணிக்கமாயிருக்கத் தேவையில்லை என்று திருச்சபை எண்ணியதா? ஒருபோதும் இல்லை. மனைவியின் உடல் கணவனுக்கு உரியதாயிருப்பது போலவே கணவனின் உடலும் மனைவிக்கு உரியது என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். நான்காம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார், பெண்ணின் குற்றத்தைத் தண்டித்து ஆணின் குற்றத்தைக் கண்டுகொள்ளாத நாட்டுச் சட்டத்தை வன்மையாகக் கண்டித்து, ஆண்கள் இயற்றிய சட்டமாதலால் அது ஆண்களுக்குச் சாதகமாயிருக்கிறது என்றார். அர்ச். எரோணிமுஸ், பெண்களுக்குத் தகாதது எதுவோ அது கிறிஸ்தவரிடத்தில் ஆண்களுக்கும் தகாது என்று எழுதினார். கடமை இரண்டு கைகளிலும் இருந்தது. அடையாளம் மட்டும் ஒரு கையில் இருந்தது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் இந்தக் குறையைக் கவனித்தது. மணமகளுக்கான செபம் இருவரின் சமமான பிரமாணிக்கக் கடமையை நினைவூட்டும்படி திருத்தப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. அதன்படி 1969-ல் வந்த புதிய திருமணச் சடங்கில் குருவானவர் மோதிரங்களை ஆசீர்வதிக்கிறார்; மணமக்கள் ஒருவருக்கொருவர் அணிவிக்கிறார்கள். கீழை ரீதியைப் பின்பற்றும் கிரேக்க கிறிஸ்தவர்களோ, நீண்ட காலமாகவே நிச்சயச் சடங்கில் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மோதிரம் அணிவித்து வருகிறார்கள். நம் பக்கத்திலுள்ள சீரோ மலபார் குடும்பங்கள் நிச்சயத்தைக் கோயிலிலேயே, குருவானவர் முன்னிலையில், மனசம்மதம் என்ற பெயரால் செய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

எனவே ஆண்மகன் மோதிரம் அணிவது நேற்று முளைத்த நாகரிகமும் அன்று, கட்டளையும் அன்று. திருச்சபை அதை ஏற்று ஆசீர்வதிக்கிறது; கட்டாயப்படுத்தவில்லை.

3. நம் நாட்டில் தாலி கற்பிக்கும் பாடம்

நம் தமிழ்நாட்டில் கலியாணத்தின் முதன்மையான அடையாளம் மோதிரமன்று, தாலியே. அந்தத் தாலியைப் பற்றியும் திருச்சபையில் ஒரு காலத்தில் பெரிய விவாதம் நடந்தது. அக்காலத்தில் சில கிறிஸ்தவப் பெண்களும் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணிந்திருந்தார்கள். பாப்பரசரின் தூதுவராக வந்த தூர்னோன் ஆண்டகை 1704-ல் புதுச்சேரியில் ஒரு கட்டளை பிறப்பித்து அதை விலக்கினார். ஆனால் தாலியையே விலக்கவில்லை. சிலுவையோ, ஆண்டவரின் உருவமோ, தேவமாதாவின் உருவமோ பொறித்த தாலியை அணியலாம் என்றார். பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1744-ல் இந்த மலபார் சடங்குகளின் விவாதத்தை முடித்து வைத்தார். இன்று நம் பெண்கள் அணியும் சிலுவைத் தாலியும் புறாத் தாலியும் அந்த வழியில் வந்தவையே.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? ஒரு வழக்கம் நம் முன் வந்தால், அது பழையதா புதியதா என்று கேட்பது போதாது. அது எதைச் சொல்லுகிறது என்று கேட்க வேண்டும். சொல்லும் பொருள் நல்லதானால் வைத்துக்கொள்ளலாம். கெட்டதானால் பொருளைத் திருத்த வேண்டும்.

நம் வழக்கங்களை அப்படிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெண்ணுக்குப் பூ வைத்த அன்றே அவள் இன்னாருக்கு நிச்சயமானவள் என்று தெருவெல்லாம் அறிகிறது. கலியாணம் ஆனதும் கழுத்தில் தாலி, காலில் மெட்டி, விரலில் மோதிரம். அவளைப் பார்த்தவுடனே மணமானவள் என்று சொல்லிவிடலாம். ஆண்மகனிடத்தில் என்ன அடையாளம் இருக்கிறது? நிச்சயமான மறுநாளும் அவன் முன்போலவே இருக்கிறான். கலியாணமாகிப் பத்து வருஷமானாலும் அப்படியே. ஒரு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டு, வேறு நல்ல இடம் வந்தால் பார்க்கலாம் என்று காத்திருக்கும் வீட்டாருக்கு இது வசதியாயிருக்கிறது. நிச்சயம் முறிந்தால் ஊர் வாய் பெண்ணைத்தான் பேசுகிறது. பிள்ளையை ஒருவரும் கேட்பதில்லை.

ஓசே தீர்க்கதரிசியின் ஆகமத்தில் சர்வேசுரன் தம்மை மணவாளனுக்கு ஒப்பிட்டு, தம் மக்களைப் பிரமாணிக்கத்தோடு தமக்கு நிச்சயம் செய்துகொள்வதாக வாக்களிக்கிறார். முதலில் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்பவர் மணவாளனே. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில், சேசுநாதர் திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் கணவன் மனைவியை நேசிக்க வேண்டும் என்கிறார் அர்ச். சின்னப்பர். கிறிஸ்தவ மாப்பிள்ளைக்கு இதைவிட உயர்ந்த முன்மாதிரி ஏது? 'நானும் வாக்குக் கொடுத்தவன், நானும் கட்டுப்பட்டவன்' என்று அவன் விரல் சொல்லுமானால், அது அவனுக்கு இழிவன்று, மேன்மையே.

4. நிச்சய மோதிரம் எதைச் செய்யாது?

இங்கே மூன்று தவறான எண்ணங்களை விலக்க வேண்டும்.

முதலாவது, நிச்சய மோதிரம் விவாகமாகாது. மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானம் பீடத்தின் முன் இருவரும் மனம் ஒப்பிச் சம்மதம் கூறும்போதே உண்டாகிறது. ஆகையால் மோதிரம் மாற்றிய இருவரும் கணவன் மனைவியைப்போல் நடக்க உரிமை பெற்றுவிடவில்லை. நிச்சயமானவர்களுக்கு அளிக்கும் ஆசீரைத் திருச்சபை 1984-ல் வெளியான ஆசீர்வாத நூலில் சேர்த்திருக்கிறது. அதில் வழக்கப்படி மோதிரம் மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால் அதைத் திவ்விய பலிபூசையோடு சேர்க்கலாகாது, விவாகம் என்று எண்ண இடம் தரலாகாது என்று எச்சரிக்கிறது.

இரண்டாவது, நிச்சய மோதிரம் விலங்காகாது. திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாயிருக்கிறது. நிச்சயம் செய்ததைக் காட்டி ஒருவரை விவாகம் செய்யும்படி வழக்காடிக் கட்டாயப்படுத்த முடியாது. 1917-ம் ஆண்டின் சட்டத் தொகுப்பும் இதையே சொல்லிற்று. 1983-ம் ஆண்டின் சட்டத் தொகுப்பும் 1062-ம் பிரிவில் இதையே சொல்லுகிறது. காரணமின்றி முறித்து மற்றவருக்கு நஷ்டம் உண்டாக்கினால் அந்த நஷ்டத்தை ஈடுசெய்யக் கேட்கலாம், அவ்வளவே. பெற்றோரே, இதைக் கவனியுங்கள். நிச்சயத்துக்குப் பின் உங்கள் மகளுக்குப் பிள்ளையின் குடிப்பழக்கமோ பொய்யோ தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் அழுதுகொண்டு வந்து சொல்லுகிறாள். அப்போது, "மோதிரம் போட்டாயிற்றே, ஊர் என்ன சொல்லும்?" என்று அவள் வாயை அடைப்பது பெரும் பாவம். பயமுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. நிச்சயகாலம் என்பது இருவரும் ஒருவரையொருவர் அறிந்து, செபித்து, சுதந்திரமாய் முடிவு செய்வதற்காகக் கொடுக்கப்பட்ட காலம். மோதிரத்தைத் திருப்பிக் கொடுப்பது வருத்தந்தான். வாழ்நாள் முழுதும் கண்ணீர் வடிப்பது அதைவிட வருத்தம்.

மூன்றாவது, நிச்சய மோதிரம் மந்திரக் கயிறன்று. மோதிரம் அணிந்தவன் தானாகவே யோக்கியனாகிவிடுவதில்லை. ஞானஸ்நானம் பெற்றும் நாம் பாவசோதனைக்கு உட்படுகிறோம் அல்லவா? அடையாளம் நினைவூட்டும், நடக்க வேண்டியவன் மனிதன், பலம் தருவது தேவ வரப்பிரசாதம்.

5. நம்மிடையே உள்ள உண்மையான கேடு

இனி எல்லோரும் அறிந்திருந்தும் ஒருவரும் வெளியே பேசாத காரியத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் மாப்பிள்ளையின் மோதிரத்தை யார் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் பெண் வீட்டார். சம்பந்தம் பேசும்போது, "மாப்பிள்ளைக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி வருகிறது. மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம், அதற்குமேல் வண்டி. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லும் சிலர், மூத்த மருமகள் வீட்டார் எத்தனை பவுனில் மோதிரம் போட்டார்கள் என்பதைப் பேச்சோடு பேச்சாய்ச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இது கேட்பதல்லாமல் வேறென்ன?

அந்த மோதிரம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். கம்பெனியில் இரவு வேலை பார்க்கும் தகப்பன் முன்பணம் வாங்குகிறார். தாய் தன் காதுத்தோட்டை அடகு வைக்கிறாள். தம்பியின் படிப்புப் பணம் கரைகிறது. ஒரு பவுன் என்பது எட்டு கிராம். அந்த எட்டு கிராமைத் தேட எத்தனை மாதச் சம்பளம் போகிறது என்பது கூலிக்கு உழைப்பவருக்குத் தெரியும். பிரமாணிக்கத்தின் அடையாளம் என்று சொல்லி மாப்பிள்ளை அணியும் மோதிரத்தில் மாமனாரின் வட்டிக் கணக்கு ஒளிந்திருக்குமானால், அது எதைச் சொல்லும்? 'நான் உனக்குக் கட்டுப்பட்டவன்' என்றா? 'என் விலை இது' என்றல்லவா சொல்லும்! மேலே தாலியைப் பற்றிச் சொன்னதை நினையுங்கள். மோதிரத்தை விலக்க வேண்டியதில்லை. அதன்மேல் பொறித்திருக்கும் பொய்யான உருவத்தை விலக்க வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாயில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது; 1984-லும் 1986-லும் கடுமையாக்கப்பட்டது. அதன்படி வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. கேட்பதே குற்றம், அதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. கேளாமல், வழக்கப்படி, சக்திக்கு மிஞ்சாமல் மனமுவந்து கொடுக்கும் பரிசுகளைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பட்டியலாக எழுதி வைக்கச் சொல்லுகிறது. 'எல்லோரும் செய்கிறார்களே' என்ற சாக்கு நீதிமன்றத்திலும் செல்லாது, சங்கீர்த்தனத் தொட்டியிலும் செல்லாது.

நகை வியாபாரத்தின் விளம்பரத்துக்கும் நாம் ஏமாறலாகாது. அமெரிக்க தேசத்தில் 1926-ல் ஆண்களுக்கென்று நிச்சய மோதிரங்கள் செய்து விற்க நகை வியாபாரிகள் முயன்றார்கள், அது பலிக்கவில்லை. வைரம் அழியாத அன்பின் அடையாளம் என்ற பேர்போன விளம்பரம் 1947-ல் எழுதப்பட்டது. ஆனால் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் போருக்குப் போன கணவர்கள், மனைவியின் நினைவாக மோதிரம் அணிவது அங்கே பரவலாயிற்று. கடைக்காரன் விற்க நினைத்தபோது ஒட்டாத வழக்கம், பிரிவும் பிரமாணிக்கமும் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்டது. இதையும் யோசியுங்கள்.

6. சில கேள்விகளும் விடைகளும்

வினா: ஆண்பிள்ளை மோதிரம் அணிவது வீண் ஆடம்பரமாகாதா?

விடை: ஆடம்பரத்துக்காக அணிந்தால் ஆடம்பரந்தான். பொன் மோதிரக்காரன் கோயிலுக்குள் வரும்போது நல்ல ஆசனம் கொடுத்து, ஏழையை ஓரத்தில் நிறுத்துகிறவர்களை அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தில் கண்டிக்கிறார். நான்கு விரலில் நான்கு கல் மோதிரம் அணிவது அந்தக் கண்டனத்துக்கு உட்பட்டது. வாக்கின் அடையாளமாகிய ஒரு சிறு வளையம் அப்படியன்று.

வினா: என் மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்து வேலை செய்கிறான். எப்போதும் மோதிரம் அணிந்திருக்க வேண்டுமா?

விடை: கூடவே கூடாது. லேத்து, டிரில்லிங், பிரஸ் முதலிய இயந்திரங்களில் மோதிரம் சிக்கினால் விரலின் தோலும் சதையும் உரிந்துவிடும். விரலையே இழக்கவும் நேரிடும். மின்சார வேலை செய்வோருக்கும் உலோக மோதிரம் ஆபத்து. கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடுவதும் இயந்திரத்தின் அருகே ஆபத்தே. வேலைக்குப் போகும்போது கழற்றி, வீட்டிலுள்ள சேசுவின் திரு இருதயப் படத்தின் முன் வைத்துவிட்டுப் போகட்டும். திரும்பி வந்ததும் அணியட்டும். ஐந்தாம் கட்டளை நம் உடலையும் காக்கச் சொல்லுகிறது. மோதிரமில்லாத நேரத்திலும் வாக்கு இருக்கிறது.

வினா: பொன்தான் வேண்டுமா?

விடை: வேண்டியதில்லை. பழைய உரோமையரின் மோதிரம் இரும்பு. வெள்ளி மோதிரம் போதும். இரண்டு கிராம் பொன்னும் போதும். கோயிலில் எடைக்கல் கிடையாது.

வினா: மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்க வசதியில்லை. பெண்ணுக்கு மட்டும் போடலாமா? அல்லது இருவருமே மோதிரமின்றி நிச்சயம் செய்யலாமா?

விடை: இரண்டும் ஆகும். பாப்பரசர் நிக்கொலாஸ் ஏழைகளைக் குறித்துச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை பாக்கு மாற்றி, வேதாகமம் வாசித்து, ஒரு பத்து மணி செபமாலை சொல்லி முடிக்கும் நிச்சயம் குறைந்த நிச்சயமன்று.

வினா: நிச்சயம் முறிந்துவிட்டால் மோதிரத்தை என்ன செய்வது?

விடை: கலியாணத்தை முன்னிட்டுக் கொடுத்தது கலியாணம் நடவாதபோது திரும்ப வேண்டும் என்பதே நியாயம். இரு வீட்டாரும் ஒருவர் பெயரை ஒருவர் கெடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேவையானால் பங்குச் சுவாமியாரின் முன்னிலையில் செய்யலாம். விசேஷமாய், பெண்ணின் நற்பெயரைக் காப்பது இரு வீட்டாருக்கும் கடமை. ஒருவரின் நற்பெயரைத் திருடுவது பொன்னைத் திருடுவதைவிடக் கொடிது.

வினா: பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. வற்புறுத்தலாமா?

விடை: வேண்டாம். இது விசுவாசக் காரியமன்று. தாத்தாவின் மனதை நோகச் செய்து போடும் மோதிரம் அன்பின் அடையாளமாகாது. மெதுவாய் எடுத்துச் சொல்லுங்கள். ஒப்பாவிட்டால் நிச்சயத்தில் விட்டுவிட்டு, கலியாணப் பூசையில் இருவரும் அணிந்துகொள்ளலாம். அங்கே சடங்கிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

7. முடிவாக

கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லுவோம். மாப்பிள்ளையும் நிச்சய மோதிரம் அணியலாம், அணிவது நல்லது. ஏனெனில் பெண்ணுக்கு உள்ள கட்டுப்பாடு தனக்கும் உண்டு என்பதை அவன் ஊரறிய ஒப்புக்கொள்கிறான். ஆனால் அந்த மோதிரம் அவன் கேட்டு வாங்கியதாயிருக்கலாகாது. கேட்டு வாங்கிய மோதிரத்தைவிட வெறும் விரலே மேல்.

ஆகையால் இந்த வருஷம் நிச்சயம் செய்ய இருக்கும் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஒன்று: இரண்டு மோதிரமும் ஒரே உலோகத்தில், ஏறக்குறைய ஒரே எடையில், கல் பதியாமல் இருக்கட்டும்.

இரண்டு: மோதிரச் செலவை இரு வீட்டாரும் சரிபாதியாய் ஏற்கட்டும். சம்பாதிக்கும் பிள்ளையும் பெண்ணும் தங்கள் உழைப்பில் வாங்கினால் இன்னும் சிறப்பு. கடன் வாங்கியோ அடகு வைத்தோ ஒருவரும் வாங்க வேண்டாம்.

மூன்று: சம்பந்தம் பேசும்போது, "மாப்பிள்ளைக்கு என்ன?" என்ற பேச்சு வந்தால், அதை நிறுத்த வேண்டியவன் மாப்பிள்ளையே. பெண்ணின் தகப்பனால் வாய் திறக்க முடியாது. தாயாரும் அத்தையும் பேசும் இடத்தில் மகன் எழுந்து, "எனக்கு ஒன்றும் வேண்டாம், அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அவன் பிரமாணிக்கத்துக்கு அதுவே முதல் சாட்சி.

நான்கு: நிச்சயத்துக்கு முந்தின வாரத்தில் பிள்ளையும் பெண்ணும் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, திவ்விய நன்மை வாங்கட்டும்.

ஐந்து: கலியாணத்துக்குப் பின் கணவன் மோதிரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். வேலை நேரம் தவிர மற்ற நேரங்களில் அணிந்திருக்கட்டும். பெட்டியிலிருக்கும் மோதிரம் சொத்து. விரலிலிருக்கும் மோதிரம் சாட்சி.

ஏற்கெனவே கலியாணமாகி வருஷங்கள் கடந்தவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. மோதிரம் போட்டாலும் போடாவிட்டாலும், அன்று பீடத்தின் முன் சொன்ன வார்த்தை இன்றும் நம்மைக் கட்டுகிறது. இந்த வாரம் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின், கணவனும் மனைவியும் அந்த வார்த்தைகளை மறுபடியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல விவாகப் பாடம் வேறில்லை.

வீட்டில் பேசிச் சிந்திக்க:

1. நம் வீட்டில் நடந்த கடைசி நிச்சயத்தில் மாப்பிள்ளையின் மோதிரத்தை யார் வாங்கினார்கள்? எந்தப் பணத்தில்?

2. ஊதாரி மகனுக்குத் தகப்பன் கொடுத்த மோதிரத்தின் பொருள் என்ன? நம் பிள்ளைகளை நாம் அப்படி நம்புகிறோமா?

3. நிச்சயம் முறிந்த ஒரு பெண்ணைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம்?

தேவமாதாவுக்குப் பிரமாணிக்கமுள்ள துணைவராய் விளங்கிய அர்ச். சூசையப்பர், நம் பங்கில் நிச்சயமாகியிருக்கும் வாலிபருக்கும் பெண்மக்களுக்கும் ஆண்டவரிடம் பரிந்து பேசுவாராக. ஆமென்.